வியாபாரிக்குள் ஒரு வள்ளல்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, காலையில் குறுக்கெழுத்தை முடிக்காமல் எந்தப் போனையும் எடுக்க மாட்டேன் என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். சமையல், சண்டை, சம்பந்தி விவகாரம் என்று வழக்கமாக வரும் கடிதங்களை எல்லாம் மிஞ்சிக்கொண்டு குறுக்கெழுத்துக் கடிதங்கள் குவிந்துவிட்டன. திட்டுகிறவர்களும் உண்டு, கூட்டாளி கிடைத்தாள் என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமியார் பிரச்சினை எதுவும் ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது.

கே: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தினமும் உட்கார்ந்து கட்டம் நிரப்புகிறீர்களே, அதில் அப்படி என்னதான் சுகம்? பொது அறிவாவது வளருமா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

பொது அறிவா? ஈமு என்றொரு பறவை இருக்கிறது, சிசிலித் தீவில் எட்னா என்று ஓர் எரிமலை இருக்கிறது. ஆங்கிலக் குறுக்கெழுத்தால் எனக்கு வளர்ந்த பொது அறிவு கிட்டத்தட்ட இவ்வளவுதான். உயிரெழுத்தில் தொடங்குகிற, உயிரெழுத்தில் முடிகிற குட்டிச் சொற்கள் என்றால் கட்டம் அமைப்பவர்களுக்கு உயிர். அதனால் அந்தப் பறவையும் எரிமலையும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

சுகம் வேறு இடத்தில் இருக்கிறது. நானே அமைத்த ஒரு குறிப்பைச் சொல்கிறேன், பாருங்கள்: ‘வியாபாரியின் பின்பாதி வள்ளல் (2)’. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையில் எத்தனை எழுத்து என்ற கணக்கு. இதைப் படித்தவுடன் உங்கள் மனது எங்கே போகிறது? யாரோ ஒரு செட்டியார், முதல் பாதி வாழ்க்கையில் கறாராகச் சம்பாதித்து, வயதான பிறகு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுத்தார் என்று ஒரு கதையே ஓடுகிறது. கர்ணனா, அவன் வியாபாரி இல்லையே, குமணனா, அது நான்கு எழுத்தாயிற்றே என்று அலைகிறீர்கள். அப்புறம், ‘வியாபாரி’ என்ற சொல்லையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று அது இரண்டாக உடைகிறது. வியா. பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்த ஆள் இவ்வளவு நேரமும் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அந்த நொடியில் வாய்விட்டு ‘அடப்பாவி’ என்பேன். யாரை? புதிர் அமைத்தவரைத்தான். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஆனாலும் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார். வெளியில் நம்மை ஏமாற்றுகிறவர்கள் விடையை மறைத்துவைத்து ஏமாற்றுவார்கள். இவர் விடையைக் கையில் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறார். முன்பின் தெரியாத ஒருவர் மெனக்கெட்டு உட்கார்ந்து எனக்காக இப்படியொரு நேர்மையான திருட்டுத்தனம் செய்கிறாரே, அதுதான் சுகம்.

கே: கல்லூரி நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகையின் கிரிப்டிக் குறுக்கெழுத்தைப் பார்க்கிறேன். குறிப்பும் புரியவில்லை, மறுநாள் விடையைப் பார்த்தாலும் புரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
— மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, கிரிப்டிக் என்றால் விடையை நேராகச் சொல்லாமல் சொல் விளையாட்டுக்குள் மறைத்துவைக்கும் வகை. அதனால் குறிப்பை முதலில் வாக்கியமாக வாசிப்பதை நிறுத்துங்கள். அது வாக்கியம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் இரண்டு துண்டு. ஒன்று விடையின் நேரடிப் பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் முடிவில் இருக்கும், நடுவில் இருக்காது. மிச்சமிருக்கும் துண்டு எழுத்துகளை வைத்துச் செய்கிற வேலை. இரண்டு வழியாகப் போனாலும் ஒரே விடைக்கு வந்து சேரவேண்டும். சேர்ந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம், சரி என்று நமக்கே தெரிந்துவிடும்.

‘நகரம் குழம்பினால் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)’. பின் துண்டு பொருள்: பாவிகள் போய்ச் சேருமிடம். ‘குழம்பினால்’ என்பது சைகை. ந, க, ர, ம் என்ற நான்கு எழுத்தையும் இடம் மாற்றிப் போடு என்கிறது. நரகம். குழம்பி, கலங்கி, சிதறி, புரண்டு, சீர்திருத்தி, குடித்துவிட்டு என்று எது வந்தாலும் எழுத்து கலைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ‘உள்ளே’, ‘ஒளிந்து’, ‘கொஞ்சம்’ வந்தால் விடை அந்தச் சொற்களுக்குள்ளேயே பதுங்கியிருக்கும். ‘தலை போன’ என்றால் முதல் எழுத்தை வெட்டு. தலை போன கவிதை, விதை.

இதெல்லாம் பழகியபின் சைகையே இல்லாத முரட்டுக் குறிப்புகளும் வரும். ஆங்கிலத்தில் பேர்போன பழைய குறிப்பு ஒன்று உண்டு. குறிப்பு என்று எதுவுமே இருக்காது, வெறும் எழுத்து வரிசை: எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ. ஐந்தெழுத்து விடை வேண்டும். எச் முதல் ஓ வரை இருக்கிறதா? ஆங்கிலத்தில் ‘எச் டு ஓ’. வேதியியல் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்குத் தண்ணீர் கிடைத்துவிடும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். இன்றைய கட்டத்தைத் தொடாதீர்கள். நேற்றைய கட்டத்தையும் இன்று வந்திருக்கும் விடையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த விடை எப்படி வந்தது என்று பின்னோக்கி நடங்கள். சில வாரம் அப்படி நடந்தால் அமைப்பவரின் கைவரிசை பிடிபட்டுவிடும்.

நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வெளியூர் போன் கால்களைக் கையால் இணைத்துக் கொடுக்கும் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை, வெளியூருக்கு நாமே நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. பரவுவதற்கு முந்திய காலம். நள்ளிரவு தாண்டிவிட்டால் சாவு செய்தி தவிர வேறு கால் அதிகம் வராது. சூப்பர்வைசர் மேஜையில் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகையை மடித்து போர்டு ஓரமாக வைத்துக்கொள்வோம். கால் டிக்கெட் எழுதுகிற பென்சில், வீணான டிக்கெட்டின் பின்பக்கம். எழுத்துகளை வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணில் நிற்கும். அதனால் வட்டமாக எழுதிப் பார்க்கச் சொல்லித் தந்தார் எங்கள் சூப்பர்வைசர் அம்மா. இன்றைக்கும் நான் வட்டமாகத்தான் எழுதுகிறேன். லைன் சும்மா கிடக்கும்போது தஞ்சாவூர் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் தோழியைக் கூப்பிட்டு, ‘ஏண்டி, பதினாலு குறுக்கு வந்துச்சா?’ என்பேன். ‘வந்துச்சு, சொல்லமாட்டேன்’ என்று லைனை வெட்டிவிடுவாள். நியாயமான ஆள்.

கே: தமிழ்ப் பத்திரிகைக் குறுக்கெழுத்தில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்று போடுகிறார்கள். தமிழை எந்த ஊரில் ஐயா கீழிருந்து மேலாக எழுதுகிறார்கள்? ஏன் இந்தக் கொலை?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சீர்காழி

ஐயா, பத்திரிகையை ஒரு நிமிடம் கீழே வையுங்கள். கொலைக்குக் காரணமே நீங்கள் பள்ளிக்கூடத்தில் நடத்திய இலக்கணம்தான்.

ஆங்கிலக்காரருக்கு மொத்தம் 26 எழுத்து. நமக்கு 247. அங்கே இரண்டு சொல் ஒரு கட்டத்தில் சந்திக்க வேண்டுமென்றால் இரண்டிலும் ஓர் ‘ஏ’ இருந்தால் போதும். நமக்குக் ‘க’ இருக்கிற சொல்லும் ‘கா’ இருக்கிற சொல்லும் சந்திக்கவே முடியாது. கி வேறு, கீ வேறு, கு வேறு. கட்டம் அமைக்க உட்கார்ந்து பார்த்தால்தான் இந்தக் கஷ்டம் தெரியும்.

அதற்கு மேல் இன்னொரு இடி. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆனால் முடிவது பாதிக்குப் பாதி மெய்யில்தான்: மரம், மனிதன், அவள், ஊர், கடல். இப்போது கட்டத்தின் மேல் வரிசை வலது மூலையைப் பாருங்கள். குறுக்கே போகும் சொல் அங்கே முடிகிறது. கீழே இறங்கும் சொல் அங்கே தொடங்கவேண்டும். மேல் வரிசையில் ‘பட்டணம்’ என்று போட்டுவிட்டால் மூலையில் ‘ம்’. அதில் தொடங்கி எந்தச் சொல்லை இறக்குவீர்கள்? தொல்காப்பியரே வந்தாலும் முடியாது. ஆனால் கீழே இருந்து ஒரு சொல் ஏறி வந்து அந்த ‘ம்’மில் முடியலாம். நரகம் என்று கீழிருந்து மேலே எழுதுங்கள், கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். இடது பக்கக் கீழ் மூலையிலும் இதே சிக்கல், அங்கே வலமிருந்து இடம் கைகொடுக்கும். அமைப்பவர் வம்புக்குச் செய்யவில்லை, வழியில்லாமல் செய்கிறார்.

தீர்ப்பவர்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில் நீங்கள் புள்ளி வைத்த எழுத்தைப் போட்டிருந்தால் எங்கேயோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த எச்சரிக்கை மணி கிடையாது.

திருப்பிப் படிப்பது நமக்கு அந்நியமும் இல்லையே ஐயா. ‘மரா மரா’ என்று சொல்லிச் சொல்லியே ‘ராம ராம’வுக்கு வந்து சேர்ந்தார் வால்மீகி என்றுதானே கதை சொல்கிறோம்? எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாத விகடகவியைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்காத வீடு உண்டா? நான் அமைத்த இன்னொன்று: ‘படி, திரும்பினால் ஈசனைக் கூப்பிடலாம் (2)’. வாசி, சிவா. சித்தர் பாட்டு படித்த உங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கே: என் கணவர் காலை ஆறரைக்குப் பத்திரிகையை எடுத்தால் பத்து மணி வரை விடமாட்டார். ராசிபலன்கூடப் பார்க்க முடியவில்லை. கேட்டால் ‘இன்னும் ஒரே ஒரு சொல்’ என்கிறார்.
— வாசகி, சேலம்

காபி கொடுக்கப் போகும்போது அவர் தோளுக்குப் பின்னால் நின்று, தெரிந்த விடை ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். சரியான விடையாக இருக்கவேண்டும், அது முக்கியம். மறுநாளிலிருந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். மீதிப் பத்திரிகை உங்களுக்கு.

கே: எங்கள் தாத்தா குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பணம் கட்டியே சொத்தை அழித்தார் என்று வீட்டில் சொல்வார்கள். கட்டம் நிரப்பி எப்படிச் சொத்தை அழிக்க முடியும்?
— வாசகர், விருதுநகர்

முடியும். அந்தக் காலத்துப் பரிசுப் போட்டி வேறு ஜாதி. நுழைவுக் கட்டணம் உண்டு, பரிசு ஆயிரக்கணக்கில் இருக்கும். குறிப்பு மட்டும் வழவழவென்று இருக்கும். உதாரணத்துக்கு, ‘இதை நம்பியவன் கெட்டதில்லை’ என்று குறிப்பு. கட்டத்தில் முதல் எழுத்து காலி, இரண்டாவது ‘ண்’. மண்ணா, பெண்ணா, கண்ணா? மூன்றுக்கும் நியாயம் சொல்லலாம். உறைக்குள் பூட்டிவைத்த விடை எதுவோ அதுதான் சரி. எல்லா வாய்ப்புக்கும் தனித்தனியாகக் கூப்பன் அனுப்பினால் பரிசு நிச்சயம் என்று கணக்குப் போட்டுத்தான் தாத்தாக்கள் காணி நிலத்தை விற்றார்கள்.

இதற்காகவே 1955இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. குறுக்கெழுத்துப் போட்டி என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. மாதத்துக்கு மொத்தம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டி நடத்தக்கூடாது, அதற்குள் நடத்துவதற்கும் உரிமம் வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957இல் தீர்ப்பு வந்தபோது, சட்டம் செல்லும், ஆனால் அது சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்குத்தான், திறமையால் ஜெயிக்கும் போட்டிக்கு இல்லை என்று பிரித்தார்கள்.

நல்ல குறுக்கெழுத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோலும் அதுதான். விடை ஒன்றே ஒன்று இருக்கவேண்டும், அதற்கான காரணம் குறிப்புக்குள்ளேயே இருக்கவேண்டும். ‘பெண்ணாகவும் இருக்கலாம், மண்ணாகவும் இருக்கலாம்’ என்றால் அந்தப் பக்கத்தை வடை எண்ணெய் ஒற்றப் பயன்படுத்துவேன்.

கே: புதிர் அமைப்பவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள்? போர் ரகசியமே குறுக்கெழுத்தில் வெளிவந்ததாகப் படித்தேன், உண்மையா?
— வாசகர், திருப்பூர்

வெளிவந்தது உண்மை. லண்டன் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையில் 1944 மே மாதம் வந்த விடைகளைப் பாருங்கள்: யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி. ஜூன் 1ஆம் தேதி நெப்டியூன். எல்லாமே இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் நடத்திய படையிறக்கத்தின் சங்கேதப் பெயர்கள். ஜூன் 6 படையிறக்கம். உளவுத்துறை ஆட்கள் போய் நின்றது லெனார்டு டா என்ற பள்ளித் தலைமையாசிரியர் வீட்டு வாசலில். அவர்தான் அமைப்பவர். மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை, தற்செயல் என்று விட்டுவிட்டார்கள். 1984இல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வேறு கதை சொன்னார். வெற்றுக் கட்டத்தைப் பையன்களிடம் கொடுத்துச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம் வாத்தியார். பக்கத்து முகாம் சிப்பாய்கள் பேசிக்கொண்ட சொற்களைப் பையன்கள் அப்படியே கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். குறிப்பை மட்டும் வாத்தியார் எழுதியிருக்கிறார். நம்பலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. பையன்களிடம் காரியத்தை விட்டால் இப்படித்தான்.

நம் பக்கத்திலும் ஒரு படைத்தளபதி உண்டு. செங்கல்பட்டில் பிறந்த வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. இந்தியக் கடற்படைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதி, 1958இல் பொறுப்பேற்றவர். ஓய்வுக்குப் பிறகு இந்து நாளிதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்தார். கப்பற்படையை நடத்திய மனிதர் 15 கட்டத்துக்கு 15 கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தாலே எனக்குப் பிடிக்கும்.

இப்போது அமைப்பவர்கள் புனைபெயரில் வருகிறார்கள். முகம் தெரியாது, ஊர் தெரியாது, குணம் மட்டும் தெரியும். ஒருவர் கிரிக்கெட் இல்லாமல் கட்டம் கட்டமாட்டார். இன்னொருவர் மிருதங்கமோ மோர்க்குழம்போ எங்காவது நுழைத்துவிடுவார். பெயரைப் பார்த்ததுமே, ‘ஓ, இன்னிக்கு நீங்களா’ என்று பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கிற ஆட்களும் உண்டு. அந்தப் புனைபெயர்களை இங்கே எழுதினால் விட்டுப்போனவர் எனக்கென்றே ஒரு கடினமான கட்டம் போடுவார். வேண்டாம்.

கே: தினமும் குறுக்கெழுத்து போட்டால் ஞாபக மறதி வராதாமே?
— வாசகர், புதுச்சேரி

டாக்டரைக் கேளுங்கள். நான் கண்டவரையில் தினமும் குறுக்கெழுத்து போட்டால் குறுக்கெழுத்து நன்றாக வருகிறது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று அப்புறமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். மருந்து என்று நினைத்துக்கொண்டு போட்டால் கசந்துவிடும், விட்டுவிடுங்கள்.

கே: ஒன்றிரண்டு சொல் எப்போதும் பாக்கி நின்றுவிடுகிறது. மொபைலில் தேடிப் போட்டுவிடலாமா? அது ஏமாற்றா?
— வங்கி ஊழியர், ஈரோடு

போலீஸ் வராது. ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். பாக்கி நிற்கிற அந்த ஒரு சொல்லை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போங்கள். அரிசி களையும்போதோ, பஸ்ஸில் சில்லறை தேடும்போதோ, யார் வீட்டுத் துக்கத்திலோ தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போதோ, நாம் கூப்பிடாமலே விடை வந்து நிற்கும். துக்க வீட்டில் முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். மொபைலில் தேடுகிறவருக்கு இந்தத் திண்டாட்டம் கிடைக்காது. அகராதி பார்க்கலாம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். ராத்திரி வரைக்கும் வரவில்லையா, போகட்டும், நாளைக் காலைப் பத்திரிகையில் விடை வரும். அதைப் பார்த்துவிட்டு, ‘இதுவா!’ என்று தலையில் அடித்துக்கொள்வதற்கும் தனி ருசி உண்டு.

கே: நானும் ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன். ‘கொடு, மான், பூ (3)’. விடை தாமரை: தா + மரை. சரியா?
— ஐ.டி.ஐ. பயிற்றுநர், ஓசூர்

கணக்கு சரி. கொடு என்றால் தா, மரை ஒரு மான் இனம், சேர்த்தால் பூ. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது. யாரும் ஏமாற மாட்டார்கள். பொய்க் கதை ஒன்று மேலே ஓடவேண்டும். இப்படிப் பாருங்கள்: ‘மானுக்கு முன் கொடு, குளத்தில் பூக்கும் (3)’. மானுக்கு முன்னால் எதைக் கொடுப்பது என்று ஆள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். நாம் சொன்னதோ ‘மரை’க்கு முன்னால் ‘தா’வைப் போடு என்பது மட்டும்தான். உங்கள் தொழிலுக்கு மான் வேண்டாமென்றால் திருகாணியின் மரையை வைத்துக்கொண்டு ஒன்று எழுதி அனுப்புங்கள். மரை கழன்ற குறிப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

மற்றவர்களுக்கும் ஒன்று தருகிறேன்: ‘முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் போலீஸுக்கு உதவும் (3)’. மேலே படித்ததில் உதவி இருக்கிறது. விடையைக் காரணத்தோடு அஞ்சலட்டையில் எழுதி, இதழ் முகவரிக்கு இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். பரிசு கிடையாது, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எனக்கு வம்பு வேண்டாம்.